ஏசி மிலான் சின்னத்தில் உள்ள சிலுவை
இத்தாலியின் மிலான் நகரக் கால்பந்து கிளப்பான ஏசி மிலானின் சின்னத்தில் இருக்கும் சிவப்புச் சிலுவை இங்கிலாந்துக் கொடி என்று சிலர் சொல்கிறார்கள். 1899-இல் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஹெர்பர்ட் கில்பின் போன்ற ஆங்கிலேயர்கள் இருந்தார்கள், அது சரி. இத்தாலியர்கள் 'மிலானோ' என்று அழைக்கும் ஊரின் கிளப்புக்கு 'மிலான்' என்ற ஆங்கிலப் பெயர் வந்ததே அவர்களால்தான். ஆனால் சிலுவை அவர்களுடையது அல்ல. அது மிலான் நகரக் கொடி. கிளப் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஊரில் இருந்தது.

மிலான் மாநகராட்சியின் முத்திரையைப் பாருங்கள், தெரிந்துவிடும். அப்புறம், 1910-இல் அதே ஊரில் பிறந்த ஆல்ஃபா ரோமியோவின் கார் சின்னத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள்: இடது பாதியில் அதே சிலுவை, வலது பாதியில் மனிதனை விழுங்கும் பாம்பு. ஏசி மிலானின் பரம வைரியான, அதே ஊர்க் கிளப் இன்டர்கூட தன் 2007-08 நூற்றாண்டு சீசனில் மார்பு முழுக்க இதே சிலுவை போட்ட வெள்ளைச் சட்டையில் ஆடியிருக்கிறது. அந்தப் படங்கள் எளிதில் கிடைக்கும்.