சாமை சாம்பார் சாதத்தில் கலோரி பாதியா?

சாம்பார் சாதத்தில் அரிசிக்குப் பதில் சாமை போட்டால் கலோரி பாதியாகும் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் பச்சரிசிக்குச் சுமார் 356 கலோரி, சாமைக்கு 346. வித்தியாசம் பத்துதான். சாமையில் நார்ச்சத்து கூடுதல், அது உண்மை. ஆனால் அது வேறு கணக்கு.

வேகாத அரிசியை வெந்த சாமையோடு ஒப்பிடுவதால்தான் பெரும்பாலும் இந்தக் குழப்பம். வெந்ததும் தண்ணீர் ஏறி, 100 கிராம் சோற்றிலேயே 130 கலோரிதான் இருக்கும். கடையில் இரண்டு பாக்கெட்டையும் திருப்பி, '100 கிராமுக்கு' என்ற வரியைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

கலோரி குறைய வேண்டுமென்றால் தானியத்தின் அளவு குறைய வேண்டும். அரிசியோ சாமையோ ஒரு டம்ளருக்குப் பதில் அரை டம்ளர், பருப்பு வழக்கம்போல், சௌசௌ, பீன்ஸ், பூசணி சேர்த்து இரண்டு டம்ளர் காய். நெய் மொத்தத்துக்கும் ஒரு டீஸ்பூன் போதும்; ஒரு டேபிள்ஸ்பூன் நெய்யே சுமார் 120 கலோரி. சாமை ஆறினால் கட்டியாக இறுகும், அப்போது நெய் விட்டு இளக்கினால் எல்லாம் வீண். வெந்நீரோ நீர்த்த சாம்பாரோ விடுங்கள்.