சாக்கியிடம் யாரும் கேட்கவில்லையே

"ஆண்களின் ஆட்டத்தை ஆடிப் பார்க்காத பெண், ஆண்கள் அணியை எப்படி நடத்துவார்?" என்று, ஆண்கள் அணிகளைப் பெண்கள் நடத்துவது பற்றி நான் வாசித்த கட்டுரையொன்றில் அதை எழுதியவர் கேட்கிறார். சரி, இத்தாலிய உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளர் அரிகோ சாக்கி எந்தத் தொழில்முறை அணிக்கும் ஆடியவரில்லை. சப்பாத்து விற்றவர். அவரிடம் இத்தாலியின் பெரிய கழகமான ஏசி மிலானை ஒப்படைத்தார்கள். 1989இலும் 1990இலும் ஐரோப்பியக் கிண்ணம் வந்தது.

என்னைக் கேட்டால் தடை மைதானத்தில் இல்லை, ஆள் தெரிவு செய்யும் மேசையில்தான். கிம் இங் என்ற பெண் 1998இலேயே அமெரிக்காவின் நியூயோர்க் யாங்கீஸ் பேஸ்போல் அணியின் உதவிப் பொது முகாமையாளர். அப்புறம் பல அணிகள் நேர்முகத்துக்குக் கூப்பிட்டன, பதவியை மட்டும் கொடுக்கவில்லை. மயாமி மார்லின்ஸ் என்ற பேஸ்போல் அணி அவரைப் பொது முகாமையாளராக்கியது 2020இல். 2023இல் அணி பிளேஓஃப் (பருவ முடிவின் வெளியேற்றுச் சுற்று) வரை போனது. அதன் பிறகும் அவருக்கு மேலே இன்னொருவரை வைக்கப் பார்த்தார்கள், மனுசி விலகிவிட்டார். உதவிப் பயிற்றுவிப்பாளராக இருந்த பெக்கி ஹமன் என்ற பெண் 2020 டிசம்பரில் என்பிஏ என்ற அமெரிக்க ஆண்கள் கூடைப்பந்தாட்டத் தொடரில் ஒரு ஆட்டத்தை நடத்தியதுகூட, தலைமைப் பயிற்றுவிப்பாளர் பொப்பொவிச்சை நடுவர் வெளியேற்றியதால்தான்!

இங்கே திருகோணமலையிலும் உதைபந்தாட்டம் என்றால் உயிர். ஏகாம்பரம் மைதானத்தில் இறுதி ஆட்டமென்றால் பெண்களும் வந்து கத்துகிறார்கள். கழகப் பொதுக்கூட்டத்தில் மட்டும் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் அண்ணாமார். (அக்காமாருக்குச் சிற்றுண்டிப் பொறுப்பு.) எங்கள் ஒழுங்கையில் கணக்காளர் அக்கா ஒருவர் இருக்கிறார். இந்த முறை பொருளாளர் பதவிக்கு அவரைப் பிரேரிக்கப் போகிறேன். யார் வழிமொழிகிறார்கள் பார்ப்போம்.