நாகேஷின் சீரியஸ் வேடங்கள் 1989-இல் தொடங்கவில்லை

"நாகேஷ் அதுவரை வெறும் காமெடியன், அபூர்வ சகோதரர்கள் வில்லன் வேடம்தான் அவருடைய முதல் சீரியஸ் நடிப்பு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது சரியில்லை. அந்தப் படம் வந்தது 1989-இல். அதற்கு இருபத்தைந்து வருடம் முன்பே, 1964-இல், சர்வர் சுந்தரத்தில் கதாநாயகனாக நடித்து அழவைத்தவர் அவர். அடுத்த வருடமே நீர்க்குமிழி. பாலசந்தர் இயக்கிய முதல் படம். ஆஸ்பத்திரி வார்டில் எல்லோரையும் சிரிக்கவைக்கும் நோயாளி சேதுவுக்குத் தன் உயிர் நாள்கணக்கில்தான் என்பது தெரியாது. பார்க்கும் நமக்குத் தெரியும். அவர் செய்யும் ஒவ்வொரு குறும்பும் நம் தொண்டையை அடைக்கும். 1968-இல் எதிர்நீச்சல். மாடிப்படிக்குக் கீழே படுத்து, குடித்தனக்காரர்களுக்கெல்லாம் எடுபிடி வேலை பார்த்து, அவர்கள் போடும் மிச்சச் சோற்றைத் தின்று படிக்கும் அநாதை மாது. சாப்பாட்டுக்காக ஒவ்வொரு வாசலாகப் போய் நிற்கும்போது அந்த முகத்தைப் பாருங்கள்.

திருவிளையாடல் தருமியும் தில்லானா மோகனாம்பாள் வைத்தியும் மனதில் பதிந்துபோனதால் மற்றவை மறந்திருக்கலாம், அது புரிகிறது. அபூர்வ சகோதரர்கள் வில்லனும் அபாரம்தான், அதில் சந்தேகமே இல்லை.

அப்புறம், "தேசிய விருதே கிடைக்கவில்லை" என்பதும் தவறு. நம்மவர் படத்துக்காகச் சிறந்த துணை நடிகர் விருது வாங்கினார். மகளைப் பறிகொடுத்த பேராசிரியராக அவர் உடைந்துபோகும் அந்தக் காட்சியை இன்றிரவே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.