லண்டனில் ஒரு ரொட்டித் துண்டு கூடத் திருடு போகவில்லையாம்!

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் அந்தச் செய்தி மறுபடியும் வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் லண்டன் மேல் குண்டு விழுந்தபோது கடைகள் திறந்தே கிடந்தனவாம், ஒரு ரொட்டித் துண்டு கூடத் திருடு போகவில்லையாம். 'நம்ம ஜனங்களுக்கு இந்த ஒழுக்கம் எப்ப வரும்?' என்று கடைசியில் ஒரு கேள்வி. அனுப்பியது பெரியப்பா. கீழே வரிசையாகக் கைதட்டல். பார்த்ததும் வயிறு எரிந்தது.

பெரியப்பா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இது பச்சைப் பொய்.

1940 செப்டம்பர் 7-ஆம் தேதி தொடங்கிய குண்டுவீச்சில், இரவெல்லாம் பதுங்கிடத்தில் கிடந்துவிட்டுக் காலையில் திரும்பியவர்கள் பலருக்கு வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. காசு போட்டால்தான் கேஸ் வரும் என்றிருந்த மீட்டரின் உண்டியலில் கிடந்த சில்லறையைக் கூட உடைத்து எடுத்துப் போயிருந்தார்கள். அள்ளியவர்களில் தீயணைக்க வந்தவர்களும் இடிபாட்டிலிருந்து ஆளை மீட்க வந்தவர்களும் இருந்தார்கள், பிடிபட்டு கோர்ட்டில் தண்டனையும் வாங்கினார்கள். இடிந்த வீட்டில் கொள்ளையடித்தால் மரண தண்டனை வரை கொடுக்கலாம் என்று சட்டம் இருந்தது. திருட்டே இல்லாத ஊரில் அப்படி ஒரு சட்டம் எதற்கு?

1941 மார்ச் 8. லண்டன் நடுவே பிக்காடில்லி பக்கம் 'கஃபே டி பாரிஸ்' என்ற நடன விடுதி, தரைக்குக் கீழே இருந்ததால் பத்திரமான இடம் என்று பேர் வாங்கியது. அதற்குள்ளேயே குண்டு விழுந்தது. மேடையில் இருந்த இசைக்குழுத் தலைவர் கென் ஜான்சன் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தப் புகையிலும் ரத்தத்திலும் புகுந்து, செத்தவர்கள் கையிலிருந்து மோதிரத்தை உருவினார்கள். கழலாத இடத்தில் விரலையே வெட்டினார்கள் என்று அன்று அங்கிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் அந்த இருட்டு. 1939 செப்டம்பர் முதலே தெருவிளக்கு கிடையாது, ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் திரை. அந்த இருட்டில் பிழைப்புக்காகத் தெருவில் நின்ற பெண்களை யார் காப்பாற்றினார்கள்? 1942 பிப்ரவரியில் கோர்டன் கம்மின்ஸ் என்ற விமானப்படைக்காரன் ஒரே வாரத்தில் நான்கு பெண்களைக் கொன்றான். இன்னொரு பெண்ணைத் தாக்கியபோது ஆள் வந்துவிட, ஓடினான். விட்டுவிட்டுப் போன விஷவாயு முகமூடிப் பையில் அவனுடைய படை எண் இருந்தது. அதனால்தான் மாட்டினான். ஜூன் மாதம் தூக்கில் போட்டார்கள்.

கள்ளச்சந்தையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெண்ணெய், சர்க்கரைக்கு 1940-இல் ரேஷன், துணிக்கு 1941-இல். உடனே கூப்பன் திருட்டு, போலிக் கூப்பன், துறைமுகத்திலும் ரயிலிலும் சரக்குத் திருட்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலீசில் பதிவான குற்றங்கள் 1939-இல் சுமார் 3 லட்சம், 1945-இல் சுமார் 4 லட்சத்து 78 ஆயிரம்.

லண்டன் மக்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. உயிரைக் கொடுத்து அடுத்தவரைக் காப்பாற்றியவர்களும் அங்கேதான் இருந்தார்கள். விளக்கை அணைத்து, சுவரை இடித்து, பண்டத்தைச் சுருக்கினால் எந்த ஊரிலும் இதுதான் நடக்கும். அதை மறைத்து ஒரு கட்டுக்கதை செய்து, அதை வைத்து நம் ஊர்க்காரனைத் தலைகுனிய வைக்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வெள்ளைக்காரன் என்றால் யோக்கியன், நாம் என்றால் திருடர்கள் என்று இன்னும் எத்தனை தலைமுறைக்கு நம் வாயாலேயே சொல்லிக்கொள்வோம்?

நேற்று இவ்வளவையும் குழுவில் எழுதினேன். 'விடும்மா, நல்லதை மட்டும் எடுத்துக்கோ' என்றார் பெரியப்பா. எதை விடுவது? விரல் போனவர்களையா, அந்த நான்கு பெண்களையா? அடுத்த முறை யார் அனுப்பினாலும் சரி, அங்கேயே திரும்ப எழுதுவேன்.