போலிகளோடு சேர்த்து நம்மையும் வடிகட்டாதீர்கள்

நமக்கு எந்தப் படம், எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கணித்துக் காட்டும் பரிந்துரைச் செயலிகளை ஏமாற்றுவது புது வித்தை இல்லை. போலிக் கணக்குகளைக் குவித்து ஒன்றை மேலே தூக்குவது, போட்டியாளரைக் கீழே தள்ளுவது, இரண்டையும் பற்றி ஆராய்ச்சியாளர்கள் 2004லேயே எழுதிவிட்டார்கள். தடுப்பு வேண்டும், அதில் சந்தேகமே இல்லை.

சொல்லப்போனால் தமிழுக்குத்தான் அது முதலில் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 பேர் சராசரியாக 4.5 ஸ்டார் கொடுத்த ஆங்கிலப் படத்துக்கு 20 போலிகள் ஒற்றை ஸ்டார் போட்டால் 4.49 ஆகும், அவ்வளவுதான். 12 பேர் 4.5 கொடுத்த தமிழ்க் குறும்படத்துக்கு அதே 20 பேர் வந்தால் 2.3! சராசரியை விட்டு, வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை எண்ணை எடுத்தாலும் தப்பாது. நிஜ ஆட்கள் பாதிக்கு மேல் இருந்தால்தான் அது தாங்கும்.

ஆனால் அந்தத் தடுப்பு வேலை செய்யும் விதம்தான் என் கவலை. ஒரே நேரத்தில், ஒரே இணைய இணைப்பிலிருந்து, ஒரே ரசனையோடு பல கணக்குகள் இயங்கினால் போலிக் கும்பல் என்று சந்தேகிப்பது வழக்கம். இங்கே சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஓர் ஊழியர் தங்கும் விடுதியை நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எல்லாருக்கும் ஒரே வைஃபை. புதுப் பாட்டு வந்தால் அத்தனை பேரும் அதையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஒருவர்கூடப் போலி இல்லை.

இன்னொரு முறையும் உண்டு. பரிந்துரை செய்யும் மாடலுக்குப் பயிற்சி கொடுக்கும்போது அதனால் கணிக்க முடியாத கிளிக்குகளை இரைச்சல் என்று கழித்துவிடுவார்கள். கை தவறிப் பட்டவை, தலைப்பைப் பார்த்து ஏமாந்து திறந்தவை எல்லாம் அதில் போய்விடும், நல்லதுதான். ஆனால் நாள் முழுக்க ஆங்கிலத்தில் பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளை எப்போதாவது ஒரு தமிழ் நாடகத்தைத் தொட்டால், அதுவும் கணிக்க முடியாத கிளிக்தான். சிங்கப்பூரின் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் தமிழ் பேசியவர்கள் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. இந்த நிலையில் அந்த ஒரு கிளிக்கைக் குப்பை என்று தூக்கிப்போடுவதை என்னால் ஏற்கவே முடியாது.

இங்கே இந்தத் துறையில் இருக்கும் தம்பி, தங்கைகளே, சந்தேகம் வந்தால் உடனே அழிக்காதீர்கள். அந்தக் கணக்கின் எடையை, அதாவது அதன் கிளிக்குக்கும் ஸ்டாருக்கும் தரும் மதிப்பை, குறைத்து வையுங்கள். எவ்வளவு காலமாக இருக்கும் கணக்கு, வேறு என்னவெல்லாம் கேட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு எடையைத் திருப்பிக் கொடுங்கள். அப்புறம், போலிகளை நீங்களே விட்டுப் பார்க்கும் தாக்குதல் சோதனை நடத்தும்போது மொத்தத்துக்கும் ஒரே எண்ணைக் காட்டாமல் தமிழுக்குத் தனியாகப் போடுங்கள்: எத்தனை போலி தப்பியது, எத்தனை நிஜ ஆள் மாட்டினார். மொத்தச் சராசரியில் ஒரு சின்னக் கூட்டத்துக்கு நேர்வது தெரியவே தெரியாது.

உங்கள் அலுவலகத்தில் மொழிவாரியாக இப்படிப் பார்க்கிறார்கள் என்றால் கமெண்டில் எழுதுங்கள். எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.