ஹைப்ரிட் லென்ஸின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்

பினாங்கிலிருந்து என் சித்தி மகன் சென்ற வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "அண்ணா, நீங்கள் போடும் ஹைப்ரிட் கான்டாக்ட் லென்ஸின் பெயரையும் பவரையும் அனுப்புங்கள், கடையில் விலை அதிகம், ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதா என்று பார்க்கிறேன்." எனக்கு இருப்பதைப் போலவே அவனுக்கும் கெரட்டோகோனஸ் என்னும் கண்நோய் இருப்பது அண்மையில்தான் தெரியவந்தது. என் பதில் நீண்டுவிட்டதால் இங்கேயே எழுதுகிறேன்.

இந்நோயில் கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கருவிழி (கார்னியா) மெலிந்து கூம்பாகப் புடைக்கிறது. இரவில் எல்ஆர்டி ரயில் நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிழல் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், கோலாலம்பூரில் ஒரு கடையில் ஒரே ஆண்டில் இருமுறை எனக்குக் கண்ணாடி மாற்றினார்கள். கருவிழியின் வடிவத்தை அளக்க வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. மேடுபள்ளமான பரப்பைச் சாதாரணக் கண்ணாடியால் முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

ஹைப்ரிட் லென்ஸின் நடுப்பகுதி ஆக்சிஜனை ஊடுருவவிடும் கடினப் பொருளாலும், சுற்றுவிளிம்பு மென்மையான பொருளாலும் ஆனது. நடுப்பகுதிக்கும் கருவிழிக்கும் இடையே தேங்கும் கண்ணீர் பள்ளங்களை நிரப்பிவிடுவதால், ஒளி சீரான ஒரு பரப்பின் வழியாகவே கண்ணுக்குள் நுழைகிறது. மென்மையான விளிம்போ லென்ஸை நடுவில் நிறுத்தி, கடின லென்ஸின் உறுத்தலைக் குறைக்கிறது. ஆகவே, கருவிழிக்கு மேலே லென்ஸ் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. தாழ்ந்தால் கூம்பின் நுனியில் உரசும். விளிம்பு இறுகினால் கண்ணோடு ஒட்டிக்கொண்டு கழற்றவே விடாது. எனக்குப் பொருத்தியவர் ஒளிரும் சாயத்தை இட்டு, நீல ஒளியில் அந்த இடைவெளியைப் பார்த்து, மூன்று வருகைகளில் மூன்று முறை அளவை மாற்றினார். மென்விளிம்பு சாதாரணச் சாயத்தை உறிஞ்சிவிடும் என்பதால் அதற்கென்றே பெரிய மூலக்கூறுகள் கொண்ட சாயம் இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். அந்த மூன்று வருகைகளை எந்த இணையக் கடை விற்கும்? நம் மலேசியாவில் கான்டாக்ட் லென்ஸ் பொருத்துவதை 1991ஆம் ஆண்டு ஒளியியல் சட்டம் ஒழுங்குபடுத்துவதும் காரணமில்லாமல் அல்ல.

விலை அதிகம் என்ற அவனுடைய குறையை நான் மறுக்கவில்லை. எனக்கும் அது வலித்தது. கடினப் பகுதியும் மென்பகுதியும் சேரும் இடத்தில் கிழிந்துவிட்டால் முழு லென்ஸும் வீண். லென்ஸின் குழியில் உப்புக் கரைசலை நிரப்பி, முகத்தைத் தரைக்கு நேராகக் கவிழ்த்துப் போட வேண்டும். இல்லையென்றால் காற்றுக்குமிழி சிக்கிக்கொள்ளும். கழற்றும்போது விரல்கள் உலர்ந்திருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் படவே கூடாது, ஏனெனில் அதில் இருக்கக்கூடிய அகந்தமீபா என்னும் நுண்ணுயிர் கருவிழியையே அழித்துவிடலாம்.

இன்னொன்று, தம்பி. லென்ஸ் பார்வையைத் திருத்துமே தவிர நோயை நிறுத்தாது. அது வளர்ந்துகொண்டிருந்தால், ரைபோஃபிளேவின் சொட்டுகளும் புறஊதாக் கதிரும் கொண்டு கருவிழியை உறுதிப்படுத்தும் கிராஸ்லிங்கிங் சிகிச்சை உனக்குத் தேவையா என்பதைக் கண் மருத்துவரிடம் முதலில் கேள். கண்ணைக் கசக்கும் பழக்கத்தை இன்றே விடு. இப்போது போட்டுக்கொண்டிருக்கும் மென் லென்ஸை அளவெடுப்பதற்கு எத்தனை நாள் முன்பு கழற்றிவைக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டு போ. அது கருவிழியின் வடிவத்தைச் சற்று மாற்றிவைத்திருந்தால் எடுக்கும் அளவே பிழையாகிவிடும்.