அந்தச் சங்கை ஊதியது யார்?

முத்தம் கொடுக்கப் போகும் நேரம் பார்த்துச் சங்கு ஊதுகிறது. அத்தோடு புத்தகம் முடிந்தது. அடுத்த பாகம் அடுத்த ஆண்டாம்!

கடல்மனிதன், சூனியக்காரி காதல் கதைகளைப் படிக்கிறவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். நூலகத்தில் முன்பதிவு செய்து, காத்துக் கிடந்து, எம்ஆர்டி ரயிலில் கம்பியைப் பிடித்தபடி நானூறு பக்கம் படித்தால், 'பார்த்தான், பார்த்தாள், பெருமூச்சு விட்டாள்'. சரி, கடைசியில் ஏதாவது நடக்கும் என்று பொறுத்தேன்.

நடந்ததைக் கேளுங்கள். பௌர்ணமி. (வேறு நாளில் இவர்களுக்குக் காதல் வராது.) அவன் தண்ணீரிலிருந்து எழுந்து வருகிறான். வால் போய்க் கால் முளைக்க ஒன்றரைப் பக்கம். கால்சட்டை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரி கிடையாது. பாறைமேல் அவள். சொடுக்குப் போட்டுப் புயலை நிறுத்துகிறவள். ஆனால் "உன் அம்மாவைச் சபித்தது நான் இல்லை, என் பெரியம்மா" என்று சொல்ல மட்டும் வாய் வராது. அவனே கேட்கிறான், "என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா?" கேட்டேவிட்டான்! அவளோ "இப்போது வேண்டாம்" என்கிறாள். பிறகு எப்போது தாயே, நல்ல நேரம் பார்த்துச் சொல்லவா? அவன் குனிகிறான். அவள் கண்ணை மூடுகிறாள். அவன் மூச்சில் உப்பு மணக்கிறதாம். இன்னும் குனிகிறான். எவ்வளவு உயரம்டா நீ, குனிந்துகொண்டே இருக்கிறாய்? அப்போதுதான் சங்கு. யார் ஊதியது, எதற்கு ஊதியது, ஒன்றும் கிடையாது. "நான் போக வேண்டும்" என்று பொத்தென்று குதித்துவிட்டான். ஒரு நிமிடம் தாமதித்துப் போனால் கடல் வற்றிவிடுமா?

1837இல் டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் எழுதிய கடற்கன்னியும் வாய் திறக்கவில்லைதான். ஆனால் அவள் நாக்கைச் சூனியக்காரி அறுத்து வாங்கியிருந்தாள், நியாயம். இந்த அம்மணிக்கு நாக்கு முழுதாக இருக்கிறதே! பெரியம்மாவைத் திட்டும்போது நன்றாகத்தானே நீள்கிறது?

நம் ஊர்க் கதையையாவது இவர்கள் படித்திருக்கலாம். செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் நூலில் ஒரு ராஜா, சூரன் என்றும் சூலன் என்றும் பிரதிக்குப் பிரதி பெயர் மாறும், கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கடலுக்கடியில் இறங்குகிறார். அங்குள்ள அரசனின் மகளைக் கட்டிக்கொள்கிறார். மூன்று ஆண் பிள்ளைகள். அப்புறம் ஊர் நினைவு வந்து, பறக்கும் குதிரை ஏறிக் கரைக்குத் திரும்பிவிடுகிறார். எல்லாம் சில பக்கங்களில்! அந்த வம்சத்தில் வந்தவர்தான் சிங்கப்பூராவை நிறுவிய சங் நீல உத்தமர் என்கிறது கதை. அன்றைக்கும் எவனாவது நடுவில் சங்கு ஊதியிருந்தால் நம் தீவின் கதி என்ன ஆகியிருக்கும்?

அக்காவிடம் புலம்பினால், "எல்லாப் பாகமும் வந்த பிறகு சேர்த்துப் படிக்கணும்டி" என்கிறாள். மகராசி, இதே புத்தகத்துக்கு முன்பதிவு வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கிறவள்.

இந்தக் கடுப்பில் சன்னலைத் திறந்தால், காய்ந்துபோன என் துணிமேல் மேல்மாடி வீட்டுப் போர்வை சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. ஏங்க, போர்வையைப் பிழிந்து போட மாட்டீங்களா? அதுவும் நான் துணி எடுக்கப் போகும் நேரம் பார்த்துத்தான் துணிக் கம்பை நீட்டுவீங்களா?